ஒரு போத்தலும் உடையவில்லை

“ஏறி ஒரு சுற்று ஓடிக் காட்டுங்கோ, அண்ணை. ஒரு படம் எடுக்கோணும்.”

கமராவும் கையுமாக நின்ற மைக்கலைப் பார்த்ததும் அருளம்பலம் சைக்கிளோடு ஓரடி பின்வாங்கினார்.

மைக்கல் நிவாரண நிறுவனத்தின் அதிகாரி. கப்பலில் வரும் மருந்துகளை நகரத்துக்குள் புகை கக்காத வாகனத்தில் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் இனி வேலை என்று அந்த நிறுவனம் எழுதியிருந்தது. லொறிக் கம்பனி நடத்தும் கமலேஸ்வரி உடனே மூன்று லொறிகளை ஓர்ஸ் ஹில்லில் இருந்த கம்பனி முற்றத்தில் நிறுத்திவிட்டு எட்டுச் சைக்கிள் வாங்கினார். “சைக்கிள் ஓடத் தெரியாதவைக்கு இனி இங்க வேலை இல்லை” என்றும் சொல்லிவிட்டார்.

இருபத்தாறு வருடம் லொறி ஓட்டியவர் அருளம்பலம். பத்துச் சில்லு லொறியைச் சந்துக்குள் பின்னுக்கு எடுப்பார். இரண்டு சில்லுச் சைக்கிள் மட்டும் ஓடத் தெரியாது. அதை வெளியில் சொன்னால் மகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்.

அவருக்குக் கிடைத்தது ஒரு பக்கம் முழுக்கத் தகர மூடி போட்ட பழைய சைக்கிள்.

“உங்கட காற்சட்டையில கிறீஸ் படாது, அண்ணை,” என்று சிரித்தார் கமலேஸ்வரி.

அருளம்பலத்தைக் காப்பாற்றியவை சோதனைச் சாவடிகள்தான். சண்டை மறுபடி தொடங்கிய வருடம் அது. சாவடிக்குச் சாவடி இறங்கிச் சைக்கிளை உருட்டித்தான் போகவேண்டும். அருளம்பலம் ஐந்து சாவடி உள்ள பாதையையே கேட்டு வாங்கினார். இடையில் அவர் ஏறாததை யார் பார்க்கப் போகிறார்கள்? முதல் வாரமே மற்றவர்கள் மருந்துப் போத்தல்களை உடைக்க, போத்தல் பெட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பாயின. மூன்று மாதம் உருட்டியே போய் வந்தார். ஒரு போத்தலும் உடையவில்லை.

அந்தச் சாதனையைப் படம் எடுக்கத்தான் மைக்கல் வந்திருந்தார்.

“இந்த வெயிலுக்குள்ளயோ, சேர்? பின்னேரம் எடுப்பமே?”

“பின்னேரம் எனக்குக் கப்பல்துறையில கூட்டம், அண்ணை.”

“கால் வேற உளுக்கிக் கிடக்கு.”

“காலமை நல்லா நடந்துதானே வந்தனீங்கள்?” என்று கேட்டார் கமலேஸ்வரி.

“பிரேக்கும் பிடிக்குதில்லை, மிஸ்.”

“போன கிழமைதானே மாத்தினது.”

“இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை...”

“செவ்வாய்க்கிழமை சைக்கிள் ஏறக்கூடாதெண்டு எந்தப் பஞ்சாங்கத்தில கிடக்கு?”

மைக்கல் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அருளம்பலத்திடம் வேறு பொய் மிச்சம் இருக்கவில்லை.

“எனக்குச் சைக்கிள் ஓட ஏலாது, மிஸ்,” என்றார். “ஒருநாளும் ஓடினதில்லை. மூண்டு மாசமா உங்களை ஏமாத்திப்போட்டன். நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ.”

கமலேஸ்வரி உள்ளே போனார். மேசை லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. வேலையை விட்டு நிறுத்தும் கடிதம்தான் என்று அருளம்பலம் நினைத்தார். மகளிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வந்தது பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். அருளம்பலம் வாங்கிப் பிரித்தார். கையெல்லாம் கிறீஸ் ஒட்டியது.

“முதல் நாள் நீங்கள் முழிசின முழியிலயே எனக்கு விளங்கிட்டுது, அண்ணை. ரோசத்தில எப்பவாவது ஏறி, விழுந்து, மருந்தையும் உடைச்சு உங்களையும் உடைச்சுப்போடுவீங்களெண்டு அந்தத் தகர மூடியைத் திறந்து அண்டைக்கே கழட்டி வச்சனான்,” என்றார் கமலேஸ்வரி. “இது உங்கட சைக்கிள்ட செயின்!”