புறப்படும் நாளில் தோய்ப்பதில்லை

கிழவி படுக்கை விரிப்பை விடுவதாக இல்லை.

ஒரு முனை கிழவியின் கையில். மறுமுனை அவள் கையில். நடுவில் இரவு நனைந்த ஈரம்.

"இண்டைக்குத் தோய்க்காதை பிள்ளை. அவர் இண்டைக்குத்தான் வெளிக்கிட்டவர்."

கிழவி பேசியது இங்கிலீஷ்தான். ஹல் நகரத்து மீன்துறைமுகப் பக்கத்து இங்கிலீஷ், பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடும். இந்த ஊரில் பஸ்காரன்கூட அவளை "லவ்" என்றுதான் கூப்பிடுவான். வந்த புதிதில் கூசிப்போவாள். கிழவி கூப்பிட்டால் மட்டும் அது "பிள்ளை" என்று காதில் விழும். முதியோர் இல்லத்தில் ஆறு வருட வேலை, காது பழகிவிட்டது.

வெளிக்கிட்டவர் என்றது, டோரீன் என்கிற இந்தக் கிழவியின் புருஷனை. ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் புறப்பட்டுப் போனவர், கப்பலோடு போய்விட்டார். அது நடந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. கிழவிக்கு மகளின் பெயர் மறந்துவிட்டது. கரண்டி பிடிக்க மறந்துவிட்டது. அந்த ஒரு காலை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

தினமும் அவர் இன்றைக்குத்தான் வெளிக்கிடுகிறார்.

மற்றப் பெண்கள் விரிப்பைப் பறித்துக்கொண்டு போய் மெஷினில் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது கட்டில். பிறகு கிழவி பகல் முழுக்க யன்னலோரம் இருந்து அழுவாள். அவளும் பறித்தவள்தான். போன மாதம் வரைக்கும்.

போன மாதம் உள்ளூர்ச் சரித்திரச் சங்கத்து மனுஷன் ஒருவர் பழைய படங்களைக் கொண்டுவந்து கூடத்தில் காட்டினார். துறைமுகம். மீன்பெட்டிகள். சந்துக்குக் குறுக்கே கொடி கட்டி உடுப்புக் காயப்போடும் பெண்கள். கப்பல் வெளிக்கிடுகிற நாளில் இந்தக் கொடிகள் வெறுமையாகக் கிடக்குமாம். அன்றைக்குத் தோய்த்தால் கடல் ஆளை அலசிக்கொண்டு போய்விடும் என்று பயமாம்.

"பாவம், அந்தக் காலத்துச் சனங்கள்" என்று சிரித்தார்.

அவள் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஐயோ, இங்கேயுமா?

கடல் இல்லாத ஊராகப் பார்த்துத் தாருங்கோ என்று அகதி அலுவலகத்தில் கெஞ்சினவள். அவர்கள் போட்டது ஹல்லில்.

ஊரில் அவள் வாழ்க்கைப்பட்ட கரையிலும் இதே கட்டுப்பாடுதான். ஆள் கடலுக்குப் போன அன்று வீடு கூட்டுவதில்லை. தலை முழுகுவதில்லை. அவன் கழற்றிப் போட்டதைத் தோய்ப்பதில்லை. அவள் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பெண், கலியாணமாகி ஐந்தே மாதம். தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது, புருஷனின் தாய், மாமி, படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் புருஷன் யூஜின் படகைத் தள்ளும்போது திரும்பிப் பார்த்து, "ஞாயிறு பூசைக்கு அந்த நீலச் சாரம் வேணும், என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நல்ல வெயில் வேறு. அவன் இடுப்பில் கட்டிக் கழற்றியிருந்த சாரத்தை, அவனுக்கு ஆசையாக இருக்கட்டுமே என்று தோய்த்துவிட்டாள்.

படகு வரவில்லை.

காற்று என்றார்கள் சிலர். யுத்தகாலம், கடலில் வெடிச்சத்தம் கேட்டது என்றார்கள் சிலர். மாமி கொடியில் கிடந்த சாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு வருடம். தோய்த்ததைப் பற்றி ஒரு உயிரிடமும் அவள் வாய் திறந்ததில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லும்போது சாமியாரிடம்கூட இல்லை.

அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து கிழவியின் அறைப் பக்கமே போகாமல் ஆள் மாற்றிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்கு இரண்டு பேர் லீவு. மாற்ற ஆளில்லை.

கதவடியில் மேற்பார்வை பார்க்கும் போலினின் தலை தெரிந்தது.

"இன்னும் அந்த விரிப்பு முடியேல்லையா, லவ்?"

"இந்தா, முடிஞ்சுது."

தலை போய்விட்டது.

அவள் தன் முனையை விட்டாள். கட்டிலோரம் முழங்காலில் இருந்தாள்.

"தோய்க்கேல்லை. சத்தியமா இஞ்ச தோய்க்கமாட்டன்."

கிழவி அவளையே பார்த்தாள்.  மகளைக்கூட அடையாளம் தெரியாத அந்தக் கண் அவள் முகத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டது.

"நீயும் தோய்ச்சனியோ?"

ஆம் என்று அவள் தலை ஆடியது. பிறகு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. யூஜினின் செத்த வீட்டிலும் அழாத அழுகை.

கிழவி விரிப்பில் ஈரமில்லாத மூலையாகத் தேடிப் பிடித்தாள். அதால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடிந்ததும் முழு விரிப்பையும் அவள் கையில் வைத்தாள்.

வேலை முடிந்து போகும்போது விரிப்பு அவளுடைய பையில் இருந்தது. இல்லத்துச் சாமானை வெளியே கொண்டுபோவது பிடிபட்டால் வேலை போகும். போனால் போகட்டும். பஸ்ஸில் பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வாளியில் தண்ணீர் பிடித்தாள். சவர்க்காரம் போட்டுக் கையாலேயே தோய்த்தாள்.

இந்த வீட்டில் எந்த நாளும் தோய்க்கலாம்.

இங்கிருந்து கடலுக்குப் போக ஒருவருமில்லை.