ஓட்டை வேண்டாம்

ஆர்லிஸ் அம்மாள் புல்தரையில் மண்டியிட்டு, தன் கேம்பர் வீட்டுவண்டியின் அடியில் டார்ச் அடித்துத் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். டுவேனும் பக்கத்தில் மண்டியிட்டு மும்முரமாகத் தேடினார். திருகாணி டுவேனுடைய சட்டைப்பையில் இருந்தது.

"இங்கதான் எங்கயோ விழுந்திருக்கணும்."

"நேத்தும் இங்கதான் விழுந்துச்சு. முந்தாநாளும் இங்கதான். இந்தப் புல்லு திருகாணி தின்னுதா, டுவேன்?"

"பழைய புல்லு. பசி ஜாஸ்தி."

அந்த மினசோட்டா ஏரிக்கரை முகாமில் மேப்பிள் இலையெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. கோடை முழுக்க வண்டிகளில் குடியிருந்த ஓய்வுபெற்ற கூட்டம், குளிருக்குப் பயந்து டெக்சாஸுக்குக் கிளம்புகிற நேரம். பனியோடு பனியாக இங்கேயே கிடக்கப்போகிறவர் முகாம் காவலரான டுவேன் ஒருவர்தான்.

"உள்பக்க வலைக்கதவைக் குளிர்கதவா மாத்திக் குடுங்க. வெளிக்கதவைத் திறந்து வெச்சாலும் வெளிச்சம் வரணும், காத்து வரக்கூடாது" என்று ஆர்லிஸ் கேட்டதிலிருந்து, டுவேன் தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தார். வலையின் மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். பொருத்திவிட்டால் ஆர்லிஸ் போய்விடுவார். போகாதீர்கள் என்று சொல்ல, கோடை முழுக்க முயன்றும் டுவேனுக்கு வாய் வரவில்லை.

கையில் காப்பிக் கோப்பையோடு ஆர்லிஸின் தோழி பெவ் வந்தார். நாளைக் காலை முன்னால் போகப்போவது பெவ்வின் வண்டி. பின்னால் போகப்போவது ஆர்லிஸின் வண்டி.

"ஏம்ப்பா டுவேன், நீ செய்யறது கதவா, தேவாலயமா?"

"அளவு சரியா வரணும் இல்ல, பெவ்."

"காலைல ஹாரன் அடிப்பேன். அடி ஆர்லிஸ், கதவு முடியலேன்னா ஒரு போர்வைய தொங்கவிட்டுட்டுக் கிளம்பு. டெக்சாஸ்ல கிறிஸ்துமஸுக்கே நான் அரைக்கால் சட்டைதான் போடுவேன்."

"ஆமா, உன் முழங்காலைப் பாக்கத்தான் அந்த ஊரே காத்துக்கிட்டு இருக்கு" என்றார் ஆர்லிஸ்.

பெவ் போனதும் திருகாணி 'கிடைத்தது'. டுவேன் தகட்டைத் தூக்கிக் கதவில் வைத்துப் பார்த்தார். கடைசியாக அவரிடம் ஒரே ஒரு தந்திரம் மிச்சமிருந்தது.

"இங்க ஒரு ஓட்டை வெட்டணும்" என்று வலைக்கதவில் கைப்பிடி உயரத்தில் இருந்த சின்னத் தள்ளுப்பலகையைக் காட்டினார். இரண்டு கதவும் வெளிப்பக்கமாகத் திறப்பவை; உள்ளே இருப்பவர் அதைத் தள்ளி, கையை விட்டுத்தான் வெளிக்கதவைத் திறக்க முடியும். "அவசரப்பட்டா தகடு விரிசல் விட்டுடும். ராத்திரி ஆயிடும். நாளைக்கு மத்தியானம் ஆனாலும் ஆகும்."

"ஓட்டை வேண்டாம்."

"வேண்டாமா?"

"முழுசா அப்படியே போட்டு முடிங்க."

டுவேனின் முகம் தொங்கிப்போனது. போவதில் இவ்வளவு அவசரமா?

"ஆர்லிஸ், ரெண்டு கதவையும் சாத்திக்கிட்டு உள்ள படுத்தீங்கன்னா அப்புறம் வெளிய வரவே முடியாது. யாராவது வெளியிலேர்ந்து வந்து திறந்துவிடணும். தினமும்."

"தெரியும்."

"தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"அந்தப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கு. குதிப்பேன்."

"நீங்க குதிப்பீங்களா?"

"போன சனிக்கிழமை போல்கா ஆடினப்போ யாருக்கு மூச்சு வாங்குச்சு? எனக்கா, உங்களுக்கா?"

டுவேன் தகட்டைப் பிடித்துக்கொண்டு முடுக்க ஆரம்பித்தார். ஆர்லிஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தார். கடைசி மூலைக்கு வந்தபோது டப்பா காலி.

"ஒண்ணு குறையுதே" என்று டுவேன் மெல்லப் புல்லைப் பார்த்தார்.

ஆர்லிஸ் உள்ளங்கையை நீட்டினார். "சட்டைப்பையில இன்னொண்ணு இருக்கு பாருங்க. மூணு நாளா நீங்க நடந்தா சலங்கை கட்டின மாதிரி சத்தம் வருது."

டுவேனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. எடுத்துக் கொடுத்தார். கடைசித் திருகாணியும் ஏறியது. கதவு கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக எதையும் செய்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"காத்து புகுதான்னு பாத்துடுவோம்" என்று ஆர்லிஸ் உள்ளே ஏறி, வண்டிச் சாவியை டுவேனிடம் நீட்டினார். "வெளிக்கதவையும் சாத்திப் பூட்டுங்க."

வலைக்கதவு மூடியது. தெளிந்த தகட்டுக்குப் பின்னால் ஆர்லிஸின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வெளிக்கதவைச் சாத்தப்போன டுவேனுக்கு அப்போதுதான் எப்படியோ வாய் திறந்தது.

"அங்க போனா, காலைல யாரு வந்து உங்களுக்குக் கதவைத் திறப்பாங்க, ஆர்லிஸ்?"

"முதல்ல பூட்டுங்க."

பூட்டினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து ஆர்லிஸின் குரல் வந்தது.

"சாவிய சட்டைப்பையில போட்டுக்குங்க, டுவேன். நாளைக்கு பெவ் வண்டி போனப்புறம் வந்து திறங்க."