ஆறாவது விசில்

சினிமா கொட்டகையில் ஆட்கள் வாயில் விரலை வைத்து விசிலடிப்பதைப் பார்த்ததிலிருந்து அந்தக் குரங்குக்கு நிம்மதி போய்விட்டது. தானும் ஊதி ஊதிப் பார்த்தது. எச்சில்தான் தெறித்தது.

கடைசியில் வளர்மதி வீட்டுச் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. அடுப்பில் கொண்டைக்கடலையை வேகவைத்துக்கொண்டிருந்த குக்கர் அப்போதுதான் மூன்றாவது விசிலை அடித்து முடித்திருந்தது.

"அண்ணே, எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்றது குரங்கு.

"நீ காத்தை எல்லாப் பக்கமும் விடுறே. என் மூடியைப் பாரு, எவ்வளவு இறுக்கம்! நாக்கை மடிச்சு விரலால அழுத்து. உதட்டால பல்லை மூடிக்கோ. நடுவுல சின்னதா ஒரு சந்து போதும். இப்ப ஊது."

குரங்கு ஊதியது. வீய்ய்ங்! சந்தோஷம் தாங்காமல் இன்னும் இரண்டு முறை அடித்தது.

"ஐயோ, போதும்டா!" என்று குக்கர் பதறியது.

அதற்குள் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வளர்மதி, "ஆறு விசில் ஆயிடுச்சு" என்று எழுந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா அண்ணே? நான் விசிலடிச்சா அடுப்பே அணையுது!"

ஆவி அடங்கியதும் வளர்மதி மூடியைத் திறந்து ஒரு கடலையை நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. "இந்தச் சனியனைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போடணும்" என்று குக்கரின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

குரங்கு உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடித்தது. பல் கடக்கென்றது.

தாடையைப் பிடித்துக்கொண்டு அது குக்கரைப் பார்த்தது. "என்னண்ணே, இத்தனை வருஷமா அடுப்புல இருக்கீங்க, ஒரு கடலை வேகவைக்கத் தெரியலையே!"