பெனிட்டா எழுதிய கேள்வி

எழுந்தேன். பால் காய்ச்சி காபி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அலுவலகம் வந்தேன்.

புதிய ஏ.ஐ. மொழி மாடல்களை வெளியீட்டுக்கு முன் கேள்விகள் கேட்டுச் சோதிப்பது எங்கள் வேலை. ஒரு கேள்விக்கு ஏதாவது ஒரு மாடல் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், அந்தக் கேள்வியை நீக்கிவிடுவார்கள். என் மனைவி பெனிட்டாவும் இங்கேதான் வேலை பார்த்தாள். அவள் இறந்த பிறகு அவள் எழுதிய கேள்விகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒன்றுதான் மிச்சம்.

“வேலை முடிஞ்சு வந்த வீட்டுக்காரர் பசிக்கலைங்கிறார். எத்தனை தோசை சுடணும்?”

இதுவரை வந்த மாடல்கள் சுட வேண்டாம் என்றன. ஒன்று டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னது.

இன்று வந்த மாடல் சொன்னது: “மூணு. ரெண்டைக் கேக்காமலே தட்டுல வைங்க. மூணாவதை அவரே கேப்பார்.”

பக்கத்து இருக்கை ரெஹானா அக்கா எட்டிப் பார்த்தார். “உன்கூடக் குடித்தனம் பண்ணின மாதிரி சொல்லுதே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தப்புன்னு போட்டுடு தம்பி. அவ கேள்வி இருந்துட்டுப் போகட்டும். யாரு கேக்கப்போறா?”

பெனிட்டா கேட்பாள். சரியான பதிலுக்குத் தப்பு போட்டால் சண்டைக்கு வருவாள்.

சரி என்று பதிந்தேன். கேள்வி திரையிலிருந்து போய்விட்டது.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “வா, ஏதாவது சாப்பிடலாம்.”

“பசிக்கலைக்கா.”

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பெனிட்டா கடைசியாகப் பேசினாள்.

“பொய் சொல்லாத. போய்ச் சாப்ட்டு வா. நான் எங்க போகப்போறேன்.”