கழி நுனியில் சிவப்புத் துணி

ஹாலிவுட் படக்கூடத்தில், விளக்குகளின் வெள்ளை வட்டத்துக்கு வெளியே, கைத்தடியை ஊன்றி விறைப்பாக நிற்கிறார் ஓய்வுபெற்ற நீதிபதி ஆரின் ஹேவர்ஸ்டாக். மகன் வெண்டல் பூதப் படங்களில் விஞ்ஞானியாக நடிக்கிறான். தெருவோரச் சுவரொட்டிகளில் குடும்பப் பெயர் தொங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லத்தான் ஒஹாயோவிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். காலையிலேயே சொல்லியாயிற்று. இந்தக் காட்சி முடியட்டும் என்றிருக்கிறான் மகன். "பெரியவரே, தள்ளி நில்லுங்க. பூதத்தோட கால மிதிக்கிறீங்க!" என்கிறான் ஏணியில் இருப்பவன். கூடமே சிரிக்கிறது. பூதத்தைப் பிற்பாடுதான் படத்தில் சேர்ப்பார்களாம். இப்போது பூதத்தின் தலைக்குப் பதிலாக ஏணிக்காரன் நீட்டும் கழியும், அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணியும்தான். "இந்தக் கந்தலுக்கா பயப்படப்போற?" "இதுக்குத்தாம்ப்பா." கேமரா மெல்ல முனகுகிறது. வெண்டல் அண்ணாந்து துணியைப் பார்க்கிறான். முகம் வெளுக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே ஓரடி பின்வாங்குகிறான். ஆனாலும் அவன் ஓடவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரையோ காப்பவன்போல இரு கைகளையும் விரித்து நிற்கிறான். சிரித்தவர்களும் இப்போது அந்தத் துணியையே அண்ணாந்து பார்க்கிறார்கள். காட்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தகப்பனிடம் வருகிறான். "சொல்லுங்கப்பா, என்ன பேர் வெச்சுக்கட்டும்?" கழி இறங்கிப்போன பிறகும் நீதிபதியின் கண்கள் அந்த உயரத்திலேயே நிற்கின்றன. "ஏன், இருக்கற பேருக்கு என்ன குறைச்சல்?" என்கிறார்.