உச்சிவெயில் நிழல்

கோட்டை வாயிலில் அந்திக்கு விளக்கெரிவது பக்கத்துக் கட்டிடத்து மொட்டைமாடி சோலார் பேனல்களால்தான். அவற்றை மாட்டும்போது பேச்சிமுத்து கால் தவறிக் கீழே விழுந்து செத்தான். பேனல் துடைக்கும் வேலையை அவன் மனைவி பூமாரிக்குக் கொடுத்தார்கள். தினமும் மதியம் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள்.

“சேச்சி, இனி இங்க சோறு வைக்கண்டா. காக்கா எச்சம் விழுந்தா கரண்ட் குறையும், கேட்டோ,” என்றாள் மலையாளத்து எஞ்சினியர் ரேஷ்மி.

“அவுக வேற எங்கம்மா வந்து சாப்பிடுவாக?”

ரேஷ்மி படியிறங்கிப் போனாள். பூமாரி சோறு வைப்பதை நிறுத்தினாள். காக்கைகள் வராமலாயின.

ஆனாலும் கரண்ட் குறைந்தது. உச்சிவெயிலில் ஓரத்துப் பேனலில் ஒரு நிழல் விழுந்தது. குத்தவைத்திருக்கும் ஆளின் நிழல். மேலே வெறும் வானம். பூமாரி துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

ரேஷ்மி மாடியேறி வந்து வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு, “சேச்சி, கொஞ்சம் சோறு வைங்க,” என்றாள்.

பூமாரி இலைத்துண்டில் சோறு வைத்து நிழலருகே தள்ளினாள்.

நிழலின் கை நீண்டது. வீட்டில் கோபித்துக்கொண்டால் பேச்சிமுத்து செய்வதுபோலவே, சோறு வேண்டாமென்று விரல்களை விரித்து இலையை மூடியது.