தாழிக்குள் குரல்

மக்வாலா தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தம்பி தெமூரின் காலடியில் போட்டாள்.

எடுத்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா செத்த நாளிலிருந்து அவள் தெமூரிடம் பேசுவதில்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் முற்றத்தில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துச் சொல்வாள். அவனும் நாய்க்கே பதில் சொல்வான். வீட்டு விவகாரம் அத்தனையும் தெரிந்த நாய் என்று ஊரில் கேலி.

பெரிய தாழி கழுத்துவரை மண்ணில் புதைந்து கிடந்தது. ருஷ்ய ஜார் காலத்தில் கொள்ளுப்பாட்டன் புதைத்தது. கூட்டுப்பண்ணைக்காரர்கள் தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டபோதும், பிறகு அது திரும்பக் கைக்கு வந்தபோதும் தாழி இருந்த இடத்தில்தான் இருந்தது. திராட்சையை மிதித்து, தோலும் காம்புமாக அதில் கொட்டி மூடினால், ஒயினாகும்வரை மீதியை மண் பார்த்துக்கொள்ளும். மரப்பீப்பாய்க்கு இந்த வீட்டில் என்றைக்குமே இடம் கிடையாது.

அப்பா செத்தது இந்தத் தாழிக்குள்தான். அதன் பிறகு யாரும் இதைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் விளைச்சல் அப்படி. மற்ற தாழிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. கடைசிக் கறுப்புத் திராட்சை நாளைக்கு வந்து இறங்குகிறது, ஊற்ற இடமில்லை. வேலைக்காரன் கோச்சா தானே இறங்கிக் கழுவித் தருவதாகச் சொன்னான். வேண்டாம், நான் இறங்குகிறேன், கயிற்றைத் தெமூர் பிடிக்கட்டும் என்று மக்வாலா அவனை அனுப்பிவிட்டாள். போயும் போயும் அவனா என்று முணுமுணுத்துக்கொண்டே கோச்சா போனான்.

பக்கத்துத் தாழி புளித்து, நுரைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும் காற்று கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தவழ்ந்து வந்து பள்ளம் கண்ட இடத்தில் இறங்கிவிடும். உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான், ஆள் போய்விடும்.

அதனால் தாழிக்குள் இறங்குகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் அந்த நொடியே கயிற்றை இழுக்க வேண்டும்.

அப்பாவின் பாட்டு நின்றபோது தெமூர் மேலே இல்லையாம். ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்தது கேட்டுக்கு வெளியே, ரோட்டில். சிகரெட் பிடிக்கப் போயிருக்கிறான் என்றார்கள். அவன் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயே திறக்காதவனை என்ன செய்வது? அந்தக் கோபம் மக்வாலாவின் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

மெழுகுவர்த்தியை ஏற்றித் தாழிக்குள் இறக்கிப் பார்த்தாள். அணையவில்லை, உள்ளே கெட்ட காற்று இல்லை. ஏணியில் கால் வைத்து இறங்கினாள்.

செர்ரி மரப்பட்டையில் கட்டிய பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக்கொண்டே பாடினாள். கல்யாணப் பாட்டு, அறுவடைப் பாட்டு, பாதி மறந்துபோன பள்ளிக்கூடப் பாட்டு. அவள் குரலே நாலு பக்கமும் மோதி அவள் காதை அடைத்தது.

அவள் ஒரு முடிவோடுதான் இறங்கியிருந்தாள். பாதியில் பாட்டை நிறுத்திவிட வேண்டும். அவன் இழுக்கிறானா, இல்லை இன்றைக்கும் ரோட்டுக்குப் போய்விட்டானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் ஏறிப்போய் அவனைத் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவாள். தம்பியாவது கிம்பியாவது. இனிமேலும் மனசுக்குள் வைத்து மருக அவளால் முடியாது.

ஒரு வரியின் நடுவில் வாயை மூடினாள்.

மூச்சு இழுக்கக்கூட நேரமில்லை. கயிறு விலாவை அறுத்தது. கால் தரையை விட்டது. முழங்கை சுவரில் உரச, பிரஷ் கைநழுவிப் போக, உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி தாழியின் வாய்க்கு வெளியே வந்து விழுந்தாள்.

தெமூர் மண்டியிட்டு அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். கயிறு அறுத்து அவனுடைய உள்ளங்கை இரண்டும் ரத்தமாக இருந்தன. அவள் கண்ணைத் திறந்ததைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினான்.

மக்வாலா நாயைத் தேடவில்லை. நேராக அவனையே கேட்டாள்.

"அன்னிக்கும் இப்படி இழுத்திருந்தா என்னடா?"

"இழுத்தேன்க்கா. கயிறு மட்டும்தான் வந்துச்சு."

தேய்ப்பதற்கு இடைஞ்சல் என்று அப்பாவே அவிழ்த்திருக்கிறார். இவன் ஆள் கூப்பிட ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். ஊர் பார்த்தது அதைத்தான்.

இந்த அலசானிப் பள்ளத்தாக்கில் தாழி உள்ள வீட்டுக்கெல்லாம் போய், கயிறு கட்டாமல் இறங்காதே என்று சண்டை போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அவருடைய சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, அவரே அவிழ்த்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது என்று தெமூர் கேட்டான்.

தாழியில் இன்னும் ஒரு பக்கம் தேய்க்க பாக்கி இருந்தது. அவள் தன் தலைத்துணியைக் கிழித்து அவன் கைகளில் சுற்றினாள். மெழுகுவர்த்தியை மறுபடி இறக்கிப் பார்த்தாள். முடிச்சை இறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

இந்தத் தடவை பாடவில்லை. இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மடையா என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் அவனைத் திட்டிக்கொண்டே தேய்த்தாள். மேலே தெமூர் ஒவ்வொரு வசவுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான்.